ஊதுகுழல் உறவுகள்

இரவு எட்டரை மணி. வைகையின் தென்கரையில், மதுரை மாநகரின் தெருவிளக்குகள் முடிந்து வயல்வெளியின் இருள் தொடங்கும் இடத்தில் உள்ளது அந்தப் பங்கு. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த ஆலய முற்றத்து மணல் இன்னும் ஆறவில்லை. மறைக்கல்வி அறையின் படிகளில் ஒவ்வொருவராக வந்து அமர்கின்றனர். ஒருவர் கொத்தனார், நகக்கண்களில் சிமென்டுக் கறை இன்னும் போகவில்லை. ஒருவர் கீழமாசி வீதி மண்டியில் மூட்டை சுமப்பவர். ஒருவர் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதிகாலை மூன்று மணிக்கே மல்லிகை நிறுக்கச் செல்பவர். தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரும், ஆட்டோ ஓட்டுநர் இருவரும், பாலிடெக்னிக் மாணவர் ஒருவரும் உளர். ஆக மொத்தம் பதின்மூன்று பேர்.

பழைய துணியுறைகளிலிருந்து கருவிகள் வெளிவருகின்றன. கிளாரினெட் மூன்று, டிரம்பெட் நான்கு, யூபோனியம் இரண்டு, வளைந்து பெருத்த பேஸ் குழல் ஒன்று, சைட் டிரம், பெரிய டிரம், தாளத்தட்டு. அடிபட்டு நசுங்கிய இடங்களும், ஈயம் வைத்து ஒட்டிய இடங்களும் அவற்றில் பல. ஆயினும் தேய்த்துத் துடைத்த பித்தளை, ஆலயத்து விளக்கொளியில் பொன்னெனப் பளபளக்கின்றது. எழுபத்தொரு வயது நிரம்பிய மாஸ்டர் கையை உயர்த்துகின்றார். பதின்மூன்று பேரும் மூச்சை உள்ளிழுக்கும் அந்த ஒரு நொடியில் முற்றம் முழுவதும் மௌனம். அடுத்த நொடியில் அன்னையின் பாடலொன்று எழுந்து வயல்வெளியெங்கும் பரவுகின்றது.

சென்ற ஆண்டு, திருவிழாக் கொடியேற்றத்திற்கு மூன்று வாரம் இருக்கையில், நாம் கண்ட காட்சி இது. 'இவர்களுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கின்றீர்கள்?' என்று பங்குத் தந்தையிடம் வினவினோம். அவர் சிரித்தார். "கொடுப்பதா? கருவிக்கு எண்ணெய் வாங்க வேண்டுமென்றால் அவர்கள்தாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குகிறார்கள்" என்றார்.

வாசக நேயர்களே, நம் பங்குகளில் பாண்டு வாத்தியத்தைக் கேளாத குடும்பம் உண்டோ? கொடியேற்றத்தன்றும், சப்பரம் புறப்படும் இரவிலும், ஆயரை வரவேற்கும் போதும், இறந்தோரைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும் போதும் அதனைக் கேட்டே வளர்ந்தோம். ஆனால் அதனை ஊதுவோர் யாவர், எங்ஙனம் கற்றனர், எதன் பொருட்டு ஊதுகின்றனர் என நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களைச் சற்று எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

மூச்சும் மூன்று பிஸ்டன்களும்

எண்ணாகமத்தின் பத்தாம் அதிகாரத்தில், வெள்ளியால் இரண்டு எக்காளங்கள் செய்யுமாறு இறைவன் மோயீசனுக்குப் பணித்த செய்தியைக் காண்கிறோம். மக்களை ஒன்றுகூட்டவும், பாளையம் பெயர்ந்து புறப்படவும், திருநாட்களைச் சிறப்பிக்கவும் அவை பயன்பட்டன. ஊதுகுழல் தொன்றுதொட்டே மக்களைச் 'சேர்க்கும்' கருவி என்பது இதனால் விளங்கும்.

எனினும் பழங்காலத்து எக்காளத்திற்கு ஒரு குறை இருந்தது. ஒரே நீளமுள்ள குழலில் உதட்டை அதிரச் செய்து ஊதினால், அக்குழலுக்கு இயல்பாய் அமைந்த சில சுரங்களே பிறக்கும். காவல்துறையினர் ஊதும் பியூகிளைக் கவனித்தால் இது தெரியும். எல்லாப் பாடலையும் அதில் வாசித்துவிட இயலாது. இக்குறையை நீக்கியவர்கள் ஜெர்மானியர் இருவர். ஸ்டோல்ட்செல், புளூமெல் என்னும் அவ்விருவர் 1818-ஆம் ஆண்டில் வால்வு அமைப்புக்கு உரிமம் பெற்றனர். விரலால் அழுத்தினால் காற்று வேறொரு சிறு குழாய் வழியாகவும் சுற்றி வரும், குழலின் நீளம் கூடும், சுரம் தாழும். இன்றைய டிரம்பெட்டில் உள்ள மூன்று பிஸ்டன்களில் நடுவில் உள்ளது அரைச் சுரமும், முதலாவது ஒரு முழுச் சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்துகின்றன. இம்மூன்றையும் மாற்றி மாற்றி அழுத்தி, உதட்டின் இறுக்கத்தையும் மாற்றினால் எல்லாச் சுரங்களும் கைவரும்.

இந்த எளிய அமைப்பு ஐரோப்பாவில் பெரியதொரு மாறுதலை உண்டாக்கிற்று. வயலினைக் கற்கப் பல்லாண்டு வேண்டும். ஓயாது உழைத்துக் காய்த்துப்போன விரல்களுக்கு அது எளிதில் படியாது. மூன்று பிஸ்டன்களை அழுத்துவதற்கோ உழைப்பாளியின் கையே போதும். ஆகவே இங்கிலாந்தின் பஞ்சாலை, கம்பளி ஆலைத் தொழிலாளரும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் ஊர்தோறும் பாண்டுக் குழுக்கள் அமைத்தனர். யார்க்‌ஷயரில் ஆலையொன்றின் ஆதரவில் 1855-இல் உருவான பிளாக் டைக் பாண்டு இன்றும் புகழுடன் விளங்குகின்றது. 1878-இல் சாலிஸ்பரி நகரில் சார்லஸ் பிரை என்னும் கட்டடத் தொழிலாளர், தம் மூன்று புதல்வரோடு இரட்சணிய சேனையின் தெருக்கூட்டங்களில் ஊதுகுழல் வாசிக்கத் தொடங்கினார். அந்த நால்வரிலிருந்தே, கூலி பெறாது வாசிக்கும் அச்சேனையின் பாண்டுகள் உலகெங்கும் பரவின.

நம் கத்தோலிக்க உலகிலும் இதற்குக் குறைவில்லை. தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களைச் சேர்த்து வளர்த்த புனித தொன் போஸ்கோ, அவர்கள் கையில் பாண்டுக் கருவிகளைக் கொடுத்தார். இசையில்லாத இளைஞர் இல்லம் ஆன்மா இல்லாத உடல் போன்றது என்பது அப்புனிதரின் கருத்து. அவருடைய சலேசிய சபையினர் 1906-இல் தஞ்சையில் கால் வைத்தனர். சின்னஞ்சிறு மால்டா தீவில், ஊருக்கு ஒன்றோ இரண்டோ பாண்டுக் கழகங்கள் உண்டு. பாதுகாவலரின் திருவிழாவே அவற்றின் உயிர். தச்சரும் எழுத்தரும் மாணவரும் வேலை முடிந்து மாலையில் கூடிப் பயிலுவர். அத்தீவின் ஊர்த் திருவிழாவை உலகப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் 2023-இல் ஏற்றுக்கொண்டது.

தமிழகம் வந்த கதை

தமிழ்நாட்டிற்குப் பாண்டு புதிதன்று. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேயப் படையினர் வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியங்கள் அமைத்தார். 'நோட்டு சுவரங்கள்' என்று இன்றும் இசை பயிலும் குழந்தைகள் பாடுவன அவையே. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையிலேயே மேனாட்டு முறையில் பாண்டு வைத்திருந்தார். தஞ்சையில் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்த கிளாரினெட், பின்னர் நாகஸ்வரத்தோடு தோழமை கொண்டு நம் மண்ணின் கருவியாகவே ஆகிவிட்டது. மைசூர் அரண்மனைப் பாண்டில் ஒலித்த சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், அதனைக் கருநாடக இசை மேடையில் ஏற்றிய வரலாற்றை யாவரும் அறிவர்.

பட்டாளத்தில் வாசித்து ஓய்வு பெற்றோர் ஊர் திரும்பிய போது கலையும் ஊர் வந்து சேர்ந்தது. வடநாட்டில் மீரட் நகரின் ஜாலி கோத்தி என்னும் பகுதியில் பட்டறைகள் எழுந்து, பித்தளைத் தகட்டை அடித்து வளைத்துக் கருவிகள் செய்யலாயின. நம் நாட்டுப் பாண்டுகளின் கருவிகளில் பெரும்பாலானவை இன்றும் அங்கிருந்து வருவனவே. நாம் கண்ட பங்கின் யூபோனியம் ஒன்றின் வாயிலும் மீரட்டின் பெயர் பொறித்திருந்தது.

வாயிற்படி வரை

'ஆலயத்தினுள் ஏன் பாண்டு வாசிப்பதில்லை?' என்று சிறுவர் கேட்பதுண்டு. அதற்கும் ஒரு வரலாறு உள்ளது. புனித பத்தாம் பத்திநாதர் 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், இசையின் பாதுகாவலியாகிய புனித செசிலியம்மாள் திருநாளன்று, திரு இசை பற்றிய ஆணையொன்றை வெளியிட்டார். நாடக மேடையின் ஆரவாரம் ஆலயத்தினுள் புகுந்துவிட்ட காலம் அது. ஆகவே ஆலயத்தினுள் பாண்டு வாசிப்பதை அவர் தடுத்தார். ஆனால் வெளியே நடைபெறும் பவனிகளில், உலகியல் பாடல்களை வாசிக்கலாகாது என்னும் நிபந்தனையோடு, ஆயரின் இசைவு பெற்று வாசிக்க இடமளித்தார். பின்னர் 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில் அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்குமாறு பணித்தது; ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாயின் பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றும் கூறிற்று.

நாம் கண்ட பங்கில் வழக்கம் இதுதான்: பவனி ஆலய வாயிற்படியை அடைந்ததும் பாண்டு ஓய்கின்றது, உள்ளிருந்து பாடகர் குழுவின் குரல் எழுகின்றது. கருவிகளைத் திண்ணையில் வரிசையாக வைத்துவிட்டுப் பதின்மூவரும் உள்ளே சென்று திருப்பலியில் பங்கு பெறுகின்றனர். முன்னாளில் இப்படி இல்லையாம். பாண்டுக்காரர் வெளியே தேநீர்க் கடையில் நின்றுவிட்டு, பவனி மீண்டும் புறப்படும் வேளையில் வந்து சேர்வர். "வாத்தியம் வெளியே நிற்கலாம், வாசிக்கிறவன் வெளியே நிற்கக்கூடாது" என்று மாஸ்டர் விதித்த விதி இப்போது மரபாகிவிட்டது.

அந்த விதிக்குப் பின்னே ஒரு நெஞ்சுப் புண் உண்டு. மாஸ்டரின் தந்தையும் பாண்டு வாசித்தவர். சிறு வயதில் தந்தையோடு வேறோர் ஊர்த் திருவிழாவிற்குச் சென்றிருந்தார் மாஸ்டர். விடியும் வரை வாசித்தவர்களுக்கு, எல்லாப் பந்தியும் முடிந்த பின், சமையற்கொட்டகையின் பின்புறத்தில் பொட்டலமாகச் சோறு கொடுத்தனர். அவர்கள் எந்தத் தெருவினர் என்பதே அதற்குக் காரணம். "அப்பா ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் குழலைத் துடைக்க ஆரம்பித்தார்" என்று மாஸ்டர் நம்மிடம் கூறிய போது அவர் குரல் தழுதழுத்தது. ஒரே அப்பத்தில் பங்கு பெறும் மக்களிடையே இப்படியும் நடந்ததே என நாம் தலை குனிந்தோம். இன்று இப்பங்கின் திருவிழா விருந்தில் முதல் பந்தியில் அமர்வோர் பாண்டுக் குழுவினரே. அக்குழுவில் நான்கு தெருவினரும் உளர்.

ஒரே நோட்டுப் புத்தகம்

'அமெச்சூர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'அன்பு கொண்டவர்' என்பது பொருள். பிழைப்புக்காக அன்றி, அன்பின் நிமித்தம் ஒன்றைச் செய்பவர் அவர். அத்தகையோர் பதின்மூவர் ஒன்றுகூடினால் என்ன ஆகும்?

முதலில், தாமதமாகும்! ஆட்டோவுக்குச் சவாரி கிடைத்துவிட்டால் இரண்டாம் டிரம்பெட் வராது. கான்கிரீட் போடும் நாளில் முதல் டிரம்பெட்டின் உதடு வறண்டு வெடித்திருக்கும். ஆயினும் வாரம் இருமுறை, செவ்வாயும் சனியும், இந்தப் படிகள் காலியாய் இருந்ததில்லை. சுரங்களை 'ச ரி க ம' என்று தமிழெழுத்திலேயே எழுதிய நோட்டுப் புத்தகங்கள் உள்ளன. மேனாட்டு முறையில் கோடு போட்டு எழுதிய குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் ஆசிரியர் ஒருவரே. மற்றோர்க்குக் காதே குரு.

புதிதாய் வருவோர் முதல் மாதம் முழுவதும் ஒரே சுரத்தை நீட்டி ஊதவேண்டும். கன்னம் உப்பலாகாது; மூச்சு வயிற்றிலிருந்து வரவேண்டும். அடுத்தவர் சுரத்தோடு தம் சுரம் ஒட்டுகின்றதா என்று கேட்கவேண்டும். "ஊதத் தெரிந்தவன் பாதிப் பாண்டுக்காரன், கேட்கத் தெரிந்தவன் முழுப் பாண்டுக்காரன்" என்பார் மாஸ்டர். இன்னொன்றும் கூறினார்: வெயிலில் நடந்து வாசிக்கையில் குழலினுள் காற்றுச் சூடேறிச் சுருதி மேலேறும். நிழலில் நிற்பவரும் வெயிலில் நிற்பவரும் சேர்ந்து வாசித்தால் சுருதி பிசகும். ஆகையால், நின்றால் எல்லாரும் நிழலில், இல்லையேல் எல்லாரும் வெயிலில்! இல்லற வாழ்வுக்கும் பொருந்தும் பாடமன்றோ இது?

குழுவில் மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. யூபோனியம் வாசிக்கும் இருவரும் ஒரு சீட்டுப் பணம் காரணமாக ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர். ஒன்றரை ஆண்டுகள்! ஆயினும் பயிற்சிக்கு வருவதை இருவருமே நிறுத்தவில்லை. மாஸ்டரும் சமாதானம் பேசவில்லை. அவர் செய்தது ஒன்றுதான்: இருவருக்கும் ஒரே நோட்டுப் புத்தகம் கொடுத்தார். பக்கத்தை யார் புரட்டுவது? பேசாமலேயே ஒருவர் கண்ணால் காட்ட மற்றவர் புரட்டினார். ஒருநாள் அவர்களுள் ஒருவரின் தாயார் இறந்தார். வழக்கம்போல் பாண்டுக் குழு அடக்கத்திற்கு வந்தது. தாயை இழந்தவர் பாடையின் பின்னே நடந்தார். அன்று அவரால் ஊத முடியாது. மற்றவர், இரண்டு யூபோனியத்தின் பகுதியையும் தாம் ஒருவரே மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டு, கல்லறை வரை இரண்டு கிலோமீட்டர் தொலைவும் நடந்தார். குழியில் மண் போட்டபின் தாயை இழந்தவர் வந்து, "உதடு வீங்கிப் போச்சே, அண்ணே" என்றார். ஒன்றரை ஆண்டுக்குப் பின் அவர் பேசிய முதல் சொற்கள் அவை. சீட்டுப் பணம் இன்னும் முழுவதும் தீரவில்லை என்றும், ஆனால் அது இப்போது ஒரு பேச்சாகவே இல்லை என்றும் இருவருமே நம்மிடம் சிரித்துக்கொண்டு கூறினர். பயிற்சி முடிந்த இரவுகளில் தெருமுனைத் தள்ளுவண்டியில் இருவரும் நின்று பருத்திப்பால் அருந்துவதை நாமே கண்டோம்.

ஏழை வீட்டு அடக்கத்திற்கு இக்குழு பணம் பெறுவதில்லை. அது எழுதப்படாத சட்டம். மாலை சூட்ட ஆளில்லாத ஒருவருக்கும் மரியாதையான ஓர் இறுதிப் பயணம் உண்டு என்பதை அப்பங்கு மக்கள் அறிவர்.

அணைய இருந்த விளக்கு

இத்தகைய குழுவும் அணைந்துபோக இருந்தது என்றால் நம்புவீர்களா?

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய போது ஆலயங்கள் மூடின. அவ்வாண்டு வேளாங்கண்ணித் திருவிழாவே பக்தர் கூட்டமின்றி நடந்தேறியது. மூச்சினால் பரவும் நோய்க்கு அஞ்சிய அந்நாட்களில், மூச்சினால் இயங்கும் கருவிகளை யார் தொடுவர்? இரண்டாண்டுகள் குழல்கள் உறையினுள் கிடந்தன. பிஸ்டன்கள் பச்சைக் களிம்பேறி இறுகின. மூத்தோர் இருவர் இறந்தனர். இளைஞர் மூவர் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றனர். திருவிழாக்கள் மீண்டும் தொடங்கிய போது குழுவில் எஞ்சியோர் எட்டுப் பேரே. வாசித்தபோது ஒலி மெலிந்திருந்தது. பின்னர் ஒவ்வொருவராகச் சேர்ந்து பதின்மூவர் ஆயினும், அவர்களில் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஒருவரே.

அதற்குள் வேறொரு வழி வந்துவிட்டது. வெளியூரிலிருந்து செண்டை மேளமும், வண்டி நிறைய ஒலிபெருக்கியும் வரவழைத்தனர். இளைஞர் ஆடினர், கைபேசியில் படம் பிடித்தனர். சொந்தப் பாண்டு கொடியேற்றத்தோடு நின்றது. சென்ற ஆண்டு பங்குப் பேரவை கூடியபோது, 'இனித் தேர்ப்பவனிக்கு வெளியூர் மேளமே போதும்' என்னும் எண்ணம் வலுவாய் எழுந்தது. பங்குத் தந்தையின் அழைப்பின் பேரில் நாமும் ஓரமாய் அமர்ந்திருந்தோம்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. "நம் ஆட்கள் வாசித்தால் நான்காவது தெருவுக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது. பத்து வருடமாய் அதே ஏழெட்டுப் பாட்டு. பிள்ளைகள் பவனிக்கு வரவேண்டாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். பலர் தலையசைத்தனர். "மேளத்துக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியைப் பாண்டுக்குக் கொடுத்துவிடலாமே" என்றார் ஒருவர். பங்குத் தந்தை மாஸ்டரை நோக்கி, "உங்களுக்கு எவ்வளவு வேண்டும், சொல்லுங்கள்" என்றார்.

மாஸ்டர் எழுந்தார். நெடுநேரம் பேசாது நின்றார். "சாமி, அந்தத் தம்பி சொன்னது சரிதான். எங்களுக்கு மூச்சு குறைந்துவிட்டது. பணத்தால் மூச்சு வராது. ஓர் அன்பியத்துக்கு ஒரு பிள்ளை கொடுங்கள். ஒரு வருடம் கொடுங்கள். அதற்கப்புறம் வேண்டாமென்றால், குழலை எல்லாம் நானே மூட்டை கட்டித் தருகிறேன்" என்றார்.

கூட்டத்தில் அமைதி நிலவிற்று. பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்கள் அன்பியத்தில் அந்த வயதில் பையன் யாரும் இல்லை. என் மகளை அனுப்பலாமா?" சிலர் சிரித்தனர். மாஸ்டர் சிரிக்கவில்லை. "மூச்சில் ஆண் மூச்சு, பெண் மூச்சு என்று இருக்கிறதா, தாயே? அனுப்புங்கள்" என்றார்.

அவ்வாண்டுத் தேர்ப்பவனிக்கு வெளியூர் மேளமே வந்தது. பேரவை அதனை மாற்றவில்லை. ஆனால் மேளத்திற்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கு, பழுதான கருவிகளைச் செப்பனிடச் சென்றது. திருவிழா முடிந்த மறு செவ்வாயன்று மறைக்கல்வி அறைப் படிகளில் ஒன்பது பிள்ளைகள் அமர்ந்தனர். அவர்களில் மூவர் சிறுமியர். சிரித்துக் கேள்வி கேட்ட அந்த இளைஞர், தம் தம்பியைத் தாமே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

இவ்வாண்டுக் கொடியேற்றம்

இவ்வாண்டு மீண்டும் சென்றிருந்தோம். கொடிமரத்தடியில் இருபத்திரண்டு பேர் நின்றனர். வெள்ளைச் சட்டையும் நீலப் பட்டையும் அணிந்திருந்தனர். முன்வரிசையில் பதின்மூன்று வயதுச் சிறுமி கிளாரினெட்டை ஏந்தி நின்றாள். பூச்சந்தைக்காரர் அவளுக்குப் பக்கத்தில் நின்று, தம் விரலை அவள் பார்க்கும்படி சற்று உயர்த்திப் பிடித்திருந்தார். கொடி மேலேறத் தொடங்கியதும் பாடல் எழுந்தது. உள்ளதைச் சொன்னால், நடுவே இரண்டு இடங்களில் தடுமாறிற்று. ஒரு டிரம்பெட் அரைச் சுரம் பிசகி அலறியது. சின்னவன் ஒருவன் பயந்து ஊதுவதையே நிறுத்திவிட்டான். பெரியவர்களின் யூபோனியங்கள் இரண்டும் அடியில் நின்று பாடலை விழாது தாங்கிக்கொண்டன. அடுத்த அடியில் அவன் மீண்டும் சேர்ந்துகொண்டான்.

கொடி உச்சியை அடைந்தது. மக்கள் கை தட்டினர். மாஸ்டர் மட்டும் திரும்பி அந்தச் சின்னவனைப் பார்த்து, "விட்ட இடத்தில் சேர்ந்தாயே, அதுதான் வித்தை" என்றார். அவ்வாண்டுத் தேர்ப்பவனியின் முதல் இரண்டு தெருக்கள் சொந்தப் பாண்டுக்கும், மற்றவை மேளத்திற்கும் எனப் பேரவை பிரித்திருந்தது. அடுத்த ஆண்டு எத்தனை தெரு என்பதைப் பிள்ளைகள்தாம் முடிவு செய்யவேண்டும்.

உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். பேஸ் குழல் 'எனக்குத் தனியாய் ஒரு பாட்டு இல்லையே' என்று விலகினால் பாண்டு இல்லை. டிரம்பெட் 'நானே போதும்' என்று கூறினாலும் பாண்டு இல்லை. அப்பத்தையும் கிண்ணத்தையும் போலவே, ஒருவர் மற்றவர்க்காகக் காத்திருக்கும் பொறுமையும் ஒரு பங்கைப் பங்காக ஆக்குகின்றது.

அன்புக் குடும்பத்தினரே, உங்கள் பங்கின் திருப்பொருள் அறையிலோ மணிக்கூண்டின் அடியிலோ துணி சுற்றிய பழைய குழல்கள் கிடக்கின்றனவா? ஒருமுறை திறந்து பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, இறுகிய பிஸ்டன்களுக்குச் சிறிது எண்ணெய் இட்டு வைத்தால் பல உயிர் பெறும். நசுங்கியதை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் மதுரையில் இன்னும் உளர். அதனினும் முக்கியமாக, அக்குழல்களை ஒருகாலத்தில் வாசித்த முதியவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர் திண்ணைக்கு உங்கள் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். வாரம் இருமுறை, மாலையில் ஒரு மணி நேரம் போதும்.

பிள்ளை முதலில் ஊதும்போது வீடே அதிரும்; அண்டை அயலார் முகம் சுளிப்பர். பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள், உங்கள் வீட்டிலிருந்து ஒருவரை நாம் எல்லோரும் கல்லறைக்கு எடுத்துச் செல்கையில், முன்னே நடந்து ஊதுவது முன்பின் அறியாத கூலி மேளமா, பெயர் சொல்லி அழைக்கும் நம் பிள்ளைகளா என்பது, இன்று நீங்கள் காட்டும் அந்தப் பொறுமையில்தான் இருக்கின்றது.